காலியாக வரும் பட்டியல்

கடையின் ஆர்டர்களை எடுத்துத் தரும் ஒரு கருவிக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதைப் பயன்படுத்தப்போவது ஒரு ஏஐ ஏஜென்ட். உள்ளே ஓடும் நிரலில் ஒரு வரியைக்கூட அது பார்க்காது. கருவியின் பெயர், விளக்கப் பத்தி, என்னென்ன உள்ளீடு தரலாம் என்று சொல்லும் ஜேசான் ஸ்கீமா: முக்கியமாக இந்த மூன்றும்தான் அதன் கண்ணில் படும். மாடல்களைக் கருவிகளோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையிலும் இதுவே அடிப்படை. “என் ஆர்டர் எங்கே?” என்று ஒருவர் கேட்டதும் எந்தக் கருவியை எடுப்பது, அதற்குள் எதைப் போடுவது என்று இவற்றை வைத்துத்தான் அது முடிவு செய்கிறது.

டெவலப்பருக்காக எழுதினால் மனதில் இவ்வளவு பாரம் இருக்காது. புரியாவிட்டால் அவர் வந்து கேட்பார், ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பார். இந்த வாசகர் என்னிடம் வந்து கேட்க வழியில்லை. படித்த கையோடு வேலையில் இறங்கி, மறுமுனையில் காத்திருப்பவருக்குப் பதிலும் சொல்லிவிடும்.

*

இணையக் கடைகளை நடத்த உதவும் ஷாப்பிஃபையை எடுத்துக்கொள்கிறேன். அதன் ரெஸ்ட் ஏபிஐயில் நிலையைக் குறிப்பிடாமல் ஆர்டர்களைக் கேட்டால் திறந்திருப்பவை மட்டுமே வரும். முடிந்தவையும் ரத்தானவையும் வேண்டுமென்றால் ‘எனி’ என்று கேட்க வேண்டும். அதோடு, ஒரு செயலிக்குச் சாதாரணமாகக் கிடைப்பது கடைசி 60 நாள் ஆர்டர்கள்தான். அதற்கு முந்தியவற்றைப் பார்க்கத் தனி அனுமதி வாங்க வேண்டும்.

நான்கு மாதம் முன்பு வாங்கிய மிக்ஸிக்கு வாரன்டி கேட்டு ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்ட் தேடுகிறது, பட்டியல் காலி. “உங்கள் பெயரில் ஆர்டர் எதுவும் இல்லை” என்கிறது. கருவி பொய் சொல்லவில்லை, ஏஜென்டும் எதையும் கற்பனை செய்யவில்லை. எழுதாமல் விட்ட ஒரு வரிதான் அங்கே பொய்யாக மாறியது. காசு கொடுத்து வாங்கியவரிடம், நீங்கள் வாங்கவே இல்லை என்று சொல்வது சின்ன விஷயமில்லை. பில்லைக் கையில் வைத்துக்கொண்டே அவர் தன்னை நிரூபிக்க வேண்டியதாகிறது.

“வாடிக்கையாளரின் ஆர்டர்களைத் தரும்” என்ற ஒற்றை வரி விளக்கங்கள் எங்கும் கண்ணில் படுகின்றன. நான் எழுதி வைத்திருப்பது இது: “கடந்த 60 நாட்களில் பதிவான ஆர்டர்களை மட்டும் தரும். நிலையைக் குறிப்பிடாவிட்டால் முடிந்தவையும் ரத்தானவையும் வராது. பட்டியல் காலியாக வந்தால் ஆர்டர் இல்லை என்று சொல்ல வேண்டாம். நிலைக்கு ‘எனி’ கொடுத்து மறுபடி தேடவும். அப்போதும் காலி என்றால் வாங்கிய தேதியைக் கேட்கவும். 60 நாளைத் தாண்டியிருந்தால் ஊழியரிடம் ஒப்படைக்கவும்.”

கருவி எதைத் தரும் என்பதைப் பெயரைப் பார்த்தே ஓரளவு ஊகித்துவிடலாம். எதைத் தராது என்பதை எழுதினால்தான் உண்டு.

*

அடுத்தது ஆர்டர் எண். வாடிக்கையாளருக்குத் தெரிந்தது 1001, 1002 என்று ஓடும் எண். உள்ளே அதே ஆர்டருக்கு வேறொரு நீண்ட ஐடி உண்டு. எது வேண்டும் என்பதை உள்ளீட்டின் விளக்கத்திலேயே ஓர் உதாரணத்தோடு சொல்லிவிட வேண்டும்.

ஆனால் வரிசையாக ஓடும் எண்ணை யார் வேண்டுமானாலும் ஊகிக்கலாம். அடுத்த எண்ணைச் சொன்னால் அடுத்தவரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் வந்து விழக்கூடாது. “உரியவருக்கு மட்டும் காட்டவும்” என்று விளக்கத்தில் எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பதை நான் ஏற்க மாட்டேன். அது வேண்டுகோள், பேச்சுச் சாமர்த்தியம் உள்ளவர் மாடலை அதிலிருந்து நகர்த்திவிடலாம். லாகின் செய்தவர் யார் என்பதைச் சர்வரே சேர்க்க வேண்டும். ஏஜென்ட் நிரப்பும் உள்ளீடுகளில் அது இருக்கவே கூடாது.

*

தெளிவாக்க வேண்டியவை இன்னும் இரண்டு. ஆர்டரின் நிலை ‘ஃபுல்ஃபில்ட்’ என்றால் கடை தன் பங்கை முடித்துப் பொருளை அனுப்பிவிட்டது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சேர்ந்ததா என்பது கூரியரின் தகவல். இந்திய நேரம் அதிகாலை 2 மணிக்குப் போட்ட ஆர்டர், உலகப் பொது நேரமான யுடிசி கணக்கில் முந்தைய நாள் இரவு 8.30. இரண்டுக்கும் விளக்கத்தில் தலா ஒரு வரி.

*

ஒரு கருவிக்குக் குறைந்தது மூன்று, நான்கு வாக்கியமாவது எழுதச் சொல்கிறது ஆந்த்ரோபிக்கின் வழிகாட்டி. ஆனால் கருவிகள் கூடக்கூட இந்த விளக்கங்கள் எல்லாம் மாடலின் நினைவில் இடம் பிடிக்கின்றன. எதை வெட்டுவது என்று யோசிக்கும்போது, எந்த வரி போனால் ஒரு மனிதருக்குத் தவறான பதில் போகும் என்று பார்க்கிறேன். அந்த வரியில் கை வைப்பதில்லை.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. உண்மையிலேயே ஆர்டர் போடாதவரும் வருவார். அவரிடம் ஏஜென்ட் தயங்காமல் “இல்லை” என்று சொல்ல வேண்டும். என் விளக்கம் அதை அளவுக்கு மீறித் தயங்க வைக்கிறது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தெந்த நிலைகளில் தேடியது என்பதைக் காலிப் பட்டியலோடு கருவியே திருப்பித் தந்தால் இது தீரும். அந்த மாற்றத்தைக் குழுவிடம் கேட்டிருக்கிறேன். வந்ததும் விளக்கத்தில் இரண்டு வரியைக் குறைக்கலாம்.