மூன்றாவது தரப்பு

ஒன்றையொன்று மறுக்கும் உண்மைகள் ஒரே பொருளில் பொருந்தி நிற்க முடியுமா என்ற கேள்விக்கு, இளையரசனேந்தலைச் சுற்றியுள்ள கரிசல் வட்டாரம் இரண்டு பழைய விடைகளை வைத்திருக்கிறது. சிவனே பெரியவர் என்ற சங்கனுக்கும் திருமாலே பெரியவர் என்ற பதுமனுக்கும் இடையே மூண்ட வழக்கு, கோமதியம்மனின் தவத்துக்கு இரங்கி இறைவன் பாதி சிவனும் பாதி திருமாலுமான சங்கரநாராயணராகக் காட்சியளித்ததால் தீர்ந்தது என்பது சங்கரன்கோவில் தலவரலாறு. ஆடித்தபசு விழா அதன் நினைவே. கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்குவித்த சமணமோ, பொருள் இயல்பிலேயே பல தன்மைகளை உடையது, எந்தக் கூற்றும் ஒரு நோக்கில் மட்டுமே மெய் என்னும் அனேகாந்தவாதத்தை முன்வைத்தது.

இவ்விடைகளின் எல்லையை அறிய, சமயத்தோடு தொடர்பே இல்லாத ஓர் உலோகக் கலவை உதவுகிறது. தங்கத்தில் சிறிதளவு இரும்பைக் கலந்தால், ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும் இரும்பணு ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தமாக, அதாவது ஸ்பின்னாக, நடந்துகொள்கிறது. இடைத்தொலைவைப் பொறுத்துச் சில இணைகள் ஒரே திசையையும் வேறு சில எதிர்த்திசையையும் நாடுகின்றன. 1972இல் இயற்பியலாளர்கள் கனெல்லாவும் மைடோஷும் இக்கலவையைக் குளிர்வித்து அளந்தபோது, குறிப்பிட்ட வெப்பநிலையில் அதன் காந்த ஏற்புத்திறன் கூர்முனையாக ஏறி இறங்கியது. ஸ்பின்கள் ஒரு திசையில் அணிவகுக்காமலே தத்தம் திசையில் உறைந்துபோகும் இந்த நிலைக்கு ஸ்பின் கண்ணாடி என்று பெயர்.

இரண்டே ஸ்பின்கள் என்றால் சிக்கலே இல்லை. அவை எந்த உறவை நாடினாலும் அதற்கேற்ப நிற்க இடமுண்டு. மூன்றாவது ஒன்று வந்து, ஒவ்வொன்றும் மற்ற இரண்டுக்கும் எதிராக நிற்க விரும்பும்போதுதான், இரண்டே கட்சிகள் உள்ள ஊரில் ஒருவருக்கொருவர் ஆகாத மூவர் எப்படிப் பிரிந்தாலும் இருவர் ஒரே பக்கம் சேர்ந்தாக வேண்டியிருப்பது போல, ஓர் இணையின் நாட்டம் நிறைவேறாமலே போகிறது. குறை எந்த அணுவிலும் இல்லை, எந்தத் தனி இணையிலும் இல்லை. மூன்றையும் சுற்றி வரும் வளையத்தில் இருக்கிறது. சங்கரநாராயண வடிவம் அழகான தீர்வுதான், ஆனால் அது இருதரப்பு வழக்கின் தீர்வு.

ஒவ்வொரு ஸ்பின்னும் மற்ற எல்லாவற்றோடும் உறவுகொள்வதாக ஷெரிங்டனும் கிர்க்பாட்ரிக்கும் 1975இல் அமைத்த மாதிரிக்குச் சில ஆண்டுகளில் விடை கண்ட ஜோர்ஜோ பரீசி, தாழ்ந்த வெப்பநிலையில் ஆற்றலில் ஏறத்தாழச் சமமான எண்ணற்ற அமைப்புகள் இருப்பதைக் காட்டினார். அவருடைய வாய்பாட்டைத் தாலக்ரான் 2006இல் கணித முறைப்படி நிறுவினார். பரீசிக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த எண்ணற்ற அமைப்புகளை அனேகாந்தத்துக்குச் சான்றாகக் கொள்வது பொருந்தாது. சமணர் கூறும் பல தன்மைகள் பொருளில் ஒருங்கே உள்ளவை. ஸ்பின் கண்ணாடியின் அமைப்புகளோ ஒன்றையொன்று விலக்குபவை, அவற்றுள் எதில் பொருள் சிக்கும் என்பதை அது குளிர்ந்த வரலாறு பெரிதும் தீர்மானிக்கிறது. கடந்த செயல்களின் தடமாக உயிரில் வினை ஒட்டிக்கொள்கிறது என்ற சமணக் கோட்பாட்டுக்கே, வரலாறு தீர்மானிக்கும் இந்த நிலை கூடுதல் நெருக்கமானது எனலாம்.

மேலும், பரீசியின் விடை எல்லாம் எல்லாவற்றோடும் பிணைந்த கற்பனை மாதிரிக்கு உரியது. அண்டை அணுக்களோடு மட்டும் உறவுகொள்ளும் முப்பரிமாண மாதிரியில், ஓர் அமைப்பும் அதன் முழுத் தலைகீழ் வடிவும் மட்டுமே நிலைக்கும் என்ற ஃபிஷர், ஹூஸ் ஆகியோரின் கொள்கை இன்னும் வீழ்த்தப்படவில்லை. ஆகவே மெய்ம்மையின் பன்மையை இயற்பியல் நிறுவிவிட்டது என்பது இப்போதைக்கு அவசரத் தீர்ப்பே.