கிணறு போடுவதும் அமானத்தே

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



ஸஅது இப்னு உபாதா (ரலி) அவர்களின் தாயார் மௌத்தானபோது, தாயாருக்காகச் செய்யும் தர்மங்களில் மேலானது எது என்று அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவ, தண்ணீர் என்று விடை கிடைத்தது. உடனே ஒரு கிணறு வெட்டித் தம் தாயாரின் பேரால் விட்டார்கள். இந்த ஹதீதைக் கேளாதவர் நம்மில் அரிது. ஆகையால்தான் ஊரிலிருந்து மௌத்துச் செய்தி வந்ததும், "பள்ளிக்கு ஒரு போர் போட்டுவிடுவோம்" என்ற பேச்சு எழுந்துவிடுகிறது. நல்ல பேச்சுத்தான். ஆனால் யாரைக் கொண்டு போடுவது என்று எவரும் கேட்பதில்லை. நாமும் கேட்கவில்லை.

நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நம்முடையது கடற்கரையோரத்து ஊர், மணற்பாங்கான பூமி. 2016ஆம் ஆண்டில் இங்குள்ள கடைக்காரர் சிலர் சேர்ந்து, மறைந்த நம் தாய்தந்தையர் பேரில் பள்ளிவாசலுக்கு ஆழ்துளைக் கிணறு போடப் பணம் திரட்டினோம். இருவர் விலை சொன்னார்கள். ஒருவர், அக்கம்பக்கத்துக் கிணறுகளின் ஆழத்தையும் நீரின் ருசியையும் பார்க்காமல் அடிக்கணக்குச் சொல்ல இயலாது என்றார். அவர் கூலியும் அதிகம். மற்றவர் நமக்கு வேண்டியவரின் மைத்துனர். தொலைபேசியிலேயே, "நூற்றைம்பது அடி, இளநீர் மாதிரி வரும் காக்கா" என்றார். அரிசி மூட்டை வாங்கும்போது கையைவிட்டுக் கிளறிப் பார்க்கிற நாம், இதில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினோம்.

கடலோர மணலில் நல்ல நீர் நிற்கும் விதத்தைப் பிறகுதான் அறிந்தோம். மழைநீர் மணலில் இறங்கி, உப்புநீரைவிடக் கனம் குறைந்ததாகையால் அதன்மேல், பாலின்மேல் ஆடைபோல, மிதந்து நிற்கிறது. ஆடையைக் கிழித்துக்கொண்டு ஆழத் துளைத்தால் கிடைப்பது உப்புத்தான். அளவுக்கு மீறி மோட்டார் இழுத்தாலும் அடியிலுள்ள உவர் மேலேறிவிடும். நம் பாட்டிமார் மணலில் சிறு ஊற்றுத் தோண்டி, அகப்பையால் மெல்ல மொண்டு குடம் நிறைத்தது சும்மாவா? அவர்களுக்குத் தெரிந்தது போர் வண்டிக்காரருக்குத் தெரியவில்லை. மூன்றாம் மாதம் ஹவுளில் நீர் கரித்தது. அதோடு போகவில்லை. பள்ளியை அடுத்து வசிக்கும் ஒரு விதவைத் தாயின் உறைகிணறும் கரிக்கத் தொடங்கிற்று. நாம் தர்மம் என்று செய்தது ஒரு வீட்டின் குடிநீரைக் கெடுத்தது. துளைத்தவரோ துளையின் வாயில் ஒரு கோணிச் சாக்கைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் சாக்கை நாம் மறந்தே இருந்தோம். 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுப் பாலகன் விழுந்து, பல நாள் போராட்டத்துக்குப் பின் மையித்தாக எடுக்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் கண்டோம். அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. துளையைச் சுற்றி வேலியிட வேண்டும், வாயை இரும்புத் தகட்டால் மூட வேண்டும், கைவிட்டால் அடியிலிருந்து மேல்வரை மண்ணும் கல்லும் இட்டு நிரப்ப வேண்டும், துளைப்பவர் பதிவு பெற்றவராயிருக்க வேண்டும் என்றெல்லாம் இந்திய உச்ச நீதிமன்றம் 2010லேயே விதித்திருந்தது. பணம் அனுப்பிய நம்மில் ஒருவரும் அதை அறிந்திருக்கவில்லை.

சகோதரர்களே! மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரத்துக் கிணற்றடியில் இரு பெண்களின் ஆடுகளுக்கு நீர் இறைத்துக் கொடுத்த வரலாற்றை ஸூரத்துல் கஸஸில் ஓதுகிறோம். அதை அடுத்தே அப்பெண்களில் ஒருவர், இவரைக் கூலிக்கு அமர்த்துங்கள், அமர்த்துவதற்குச் சிறந்தவர் வலிமையும் நம்பிக்கையும் உடையவரே எனத் தம் தந்தையிடம் கூறுகிறார். இரண்டும் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். நாம் தேர்ந்தவர் நமக்கு வேண்டியவராயிருந்தார், தொழிலறிவு இல்லை. தகுதியற்றவரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டால் இறுதி வேளையை எதிர்பார்க்கச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். ஒப்படைத்தது யார்? நாம்தாமே! ஆகவே பழியை அவர் தலையில் மட்டும் போட்டுத் தப்ப முடியாது.

அதன்பின், முன்பு அதிகக் கூலி கேட்டவரையே தேடிப் போனோம். இம்முறை வெறும் வாய்ப்பேச்சு இல்லை. தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் மார்க்கமல்லவா நம்முடையது! எத்தனை அடி, எந்தக் குழாய், நீர் கரித்தால் யார் பொறுப்பு, மலக்குழியிலிருந்து எவ்வளவு தூரம், எல்லாம் எழுத்தில் வந்தன. பழைய துளையை அடிவரை நிரப்பிச் சிமிந்தியால் அடைத்தார். பின்பு ஆழம் குறைந்த உறைகிணறு ஒன்று இறக்கி, சிறிய மோட்டாரைப் பூட்டி, இத்தனை நாழிகைக்கு மேல் ஓட்டக்கூடாது என்று முஅத்தினிடம் சொல்லிப் போனார். வேலை முடிந்த அன்றே கூலியைக் கையில் கொடுத்தோம்.

அந்தத் தாயின் கிணறு மட்டும் இன்னும் பழைய ருசிக்குத் திரும்பவில்லை. பள்ளியின் புதிய கிணற்றிலிருந்து அவர் வீட்டுக்குத் தனிக்குழாய் இழுத்துக் கொடுத்திருக்கிறோம். சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊர் சென்றபோது, நேரில் போய் அவரிடம் மாப்புக் கேட்டோம். குடிக்க ஒரு செம்பு தண்ணீர் தந்தார்.