பழைய மேஜையும் நியாய விலையும்



ஒருவர் தம் வீட்டுப் பழைய மர மேஜையை விற்கிறார். அதன் மதிப்பு அவருக்குத் தெரியாது. வாங்குகிறவருக்கு நன்றாய்த் தெரியும். கேட்ட சொற்ப விலையைக் கொடுத்துவிட்டு, வாய் திறவாமல் எடுத்துச் செல்வது நியாயமாகுமா? "அவரே சொன்ன விலைதானே, நான் பொய் சொல்லவில்லையே" என்பது போதுமான பதிலா?

இதைச் சிந்திக்க சண்டிகார் நகரத்து மேஜைகள் உதவும். லெ கொர்புசியே என்னும் கட்டடக் கலைஞர் திட்டமிட்ட நகரம் அது. அவருடைய உறவினர் பியேர் ஜான்னெரே 1951 முதல் 1965 வரை அங்கேயே தங்கி வேலைகளை நடத்தினார். சர்க்கார் அலுவலகங்களுக்கு வேண்டிய மேஜை நாற்காலிகளும் அவர் மேற்பார்வையில் உருவாயின. நல்ல தேக்கு, கவராயத்தை விரித்தாற்போன்ற கால்கள், உள்ளூர்த் தச்சர்களின் கைவேலை. குமாஸ்தா உட்கார்ந்து எழுதுவதற்கென்று செய்தவையேயன்றி ஆடம்பரத்துக்கல்ல.

காலம் சென்றது. மேஜைகள் ஆட்டங்கண்டன. அலுவலகங்கள் புதியவற்றை வாங்கிக்கொண்டு, பழையவற்றைக் கழிவுச் சாமானென்று ஏலம் விட்டன. வியாபாரிகள் அவற்றை வாங்கிப் பழுதுபார்த்து, அயல்நாடுகளில் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றார்கள். 2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம் இவ்விற்பனையைத் தடுத்து உத்தரவிட்டது. ஆனால் 1972-ம் ஆண்டின் புராதனப் பொருள் சட்டம் இத்தகைய சாமான்களில் நூறாண்டு கடந்தவற்றையே காக்கிறது. வெளியே போனவற்றைத் தடுக்க அச்சட்டம் உதவவில்லை.

அவ்வியாபாரிகளைத் திருடரென்று சொல்லலாமா? பகிரங்க ஏலத்தில் பணம் கட்டி வாங்கினார்கள். தேர்ந்த கண்ணுக்கும், செய்த செலவுக்கும், நஷ்டத்துக்குத் துணிந்ததற்கும் ஊதியம் உண்டு. அங்கே பெருங்குறை பொதுச்சொத்தைக் காத்தவர்களுடையது. பிறர் பொருளுக்குக் காவலாயிருப்பவன், விற்குமுன் அதன் மதிப்பை விசாரித்தறியக் கடமைப்பட்டவன்.

ஆனால் விற்பவர் ஓர் ஏழை விதவையானால் கேள்வி வேறாகிறது. விசாரிக்க அவருக்கு ஆளில்லை; அரிசிக்குப் பணம் வேண்டும். அர்ச். அகுஸ்தீனார் தமதிரித்துவத்தைப் பற்றிய நூலில், தாம் அறிந்த ஒரு மனிதரைக் குறிப்பிடுகிறார். அவரிடம் ஒரு புத்தகம் விலைக்கு வந்தது. விற்றவன் மதிப்பறியாமல் குறைவாய்க் கேட்டான். அவரோ, அவன் எதிர்பாராத நியாய விலையைக் கொடுத்தார். குறைந்த விலைக்கு வாங்கி அதிக விலைக்கு விற்க எல்லோரும் விரும்புகிறார்கள் என்ற பேச்சுக்கு விலக்காகவே அவரை எடுத்துக்காட்டுகிறார்.

நம் அறிவுக்குக் கூலி வாங்கலாம். பிறர் அறியாமைக்குக் கூலி வாங்கலாகாது. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி சொல்கிறேன். விற்றவர் நாளை உண்மை விலையை அறிந்து உங்கள் வாசலில் வந்து நின்றால், வண்டிச் சத்தம் இவ்வளவு, தச்சன் கூலி இவ்வளவு, என் லாபம் இவ்வளவு என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியுமானால் தயங்காமல் வாங்குங்கள். முடியாதென்றால், பணத்தை எண்ணுமுன், "அம்மா, இது நீங்கள் நினைப்பதைவிட அதிகம் பெறும்" என்று சொல்லிவிடுங்கள். லாபம் சற்றுக் குறையும். அந்த மேஜையில் உட்கார்ந்து எழுதும்போது மனச்சாட்சி உறுத்தாது.