அந்தக் குரலை வெட்டலாமா?

எங்கள் வீட்டில் ஒரு ஒலிநாடா இருக்கிறது. 1983ல் தேவதானத்து ஊர்த்தெருப் பெரிய வீட்டு இழவில் பதிவானது. செத்தவரின் மகன் துபாயிலிருந்து டேப் ரெக்கார்டர் கொண்டு வந்திருந்தார். ஒப்பாரியைப் பதியத்தான் வைத்தார்கள். தெருவில் அடித்த தப்பும் சேர்ந்து விழுந்துவிட்டது. அடித்தது எங்க தாத்தா. பிறகு அந்த வீட்டைக் காலிபண்ணியபோது குப்பையோடு வந்த நாடாவை அய்யா எடுத்து வைத்துக்கொண்டார். தாத்தாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. இந்த நாற்பத்தைந்து நிமிஷம்தான்.

அதில் ஏழு இடத்தில் ஒரு குரல் குறுக்கே விழுகிறது. "ஏலே, வேகமா அடிலே." "நிறுத்துலே." ஒரு இடத்தில் சாதிப் பேரைச் சொல்லி ஒரு வசவு.

சென்னையில் பறை கற்றுக்கொடுக்கும் ஒரு தம்பி இதைக் கேள்விப்பட்டு வந்தார். படித்த பையன், நம்ம ஆளு. "அண்ணே, இந்த அடிவகையெல்லாம் இப்ப யாருக்கும் தெரியாது. குடுங்க, கம்ப்யூட்டர்ல போட்டு அந்த ஆளு சத்தத்த மட்டும் எடுத்துருவோம். சுத்தமா நம்ம இசை மட்டும் நிக்கும்" என்றார். யோசிச்சுச் சொல்றேன் என்று அனுப்பிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் லண்டனில் இருக்கும் நண்பர் ஒருவர் ஜோ ஹாரியட்டின் பதிவுகளை அனுப்பினார். ஹாரியட் ஒரு கறுப்பர். 1928ல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆல்ஃபா பள்ளியில் வளர்ந்தவர். 1951ல் சாக்ஸபோனோடு இங்கிலாந்துக்குப் போனார். 1958ல் நுரையீரல் நோயில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் புதுமாதிரி வாசிப்பது பற்றி யோசித்தாராம். ஊதுகிறவனுக்கு மூச்சிலேயே நோய்! 1960ல் 'ஃப்ரீ ஃபார்ம்' என்ற பதிவைச் செய்தார். அதே ஆண்டு, சில வாரம் கழித்து, அமெரிக்காவில் ஆர்னெட் கோல்மன் 'ஃப்ரீ ஜாஸ்' பதிந்தார். இருவரும் தனித்தனியே கண்டதுதான். ஆனாலும் ஹாரியட்டைப் பார்த்துக் காப்பியடிக்கிறார் என்றவர்கள் உண்டு. கறுப்பன் ஒருத்தன் தானாகவே ஒன்றைக் கண்டுபிடித்தான் என்று ஒப்புக்கொள்ள எவ்வளவு வலிக்கிறது பாருங்கள்.

எனக்கு மேல்நாட்டு சங்கீதம் தெரியாது. முதலில் கேட்டபோது இழவு வீட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் அழுத மாதிரி இருந்தது. அதனால்தான் பழகிவிட்டது என்று நினைக்கிறேன். நிலையான தாளம், முன்கூட்டித் தெரிந்த சுரக்கட்டு, கணக்கான பிரிவு ஆகிய எல்லாவற்றையும் எப்போது வேண்டுமானாலும் விடலாம். ஆனால் ஒவ்வொரு உருப்படியிலும் ஒன்றையாவது வைத்துக்கொள்வோம். இதுதான் அவர்கள் ஏற்பாடு. எதை விடுவது, எதைப் பிடிப்பது என்பது வாசிக்கிறவன் கையில். இதை விடுதலை என்று சொன்னார்கள்.

ஆனால் விடுதலை சோறு போடவில்லை. 1966ல் கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயரோடு சேர்ந்து 'இந்தோ-ஜாஸ் சூட்' என்று ஒன்று வந்தது. ஜாஸ்காரர் ஐந்து பேர், சித்தார் தபேலா என்று இந்தப் பக்கம் ஐந்து பேர். மேயர் எழுதிக்கொடுத்த கட்டுக்குள், ராகத்துக்குரிய சுரங்களுக்குள் ஹாரியட் ஊதினார். அழகாகத்தான் இருக்கிறது. இந்தியா என்றால் ராகம், ராகம் என்றால் சித்தார் என்று லண்டனிலும் முடிவாகியிருந்தது. தப்பை அங்கே யார் கேட்டிருப்பார்கள்? இங்கேயே கேட்கவில்லை. ஹாரியட் 1973 ஜனவரியில் புற்றுநோயில் செத்தார். வயது நாற்பத்திநாலு, கையில் ஒன்றுமில்லை.

இதைக் கேட்டுவிட்டு மறுபடி தாத்தா நாடாவைப் போட்டேன். ஹாரியட்டுக்கு வறுமை இருந்தது, நிறவெறி இருந்தது. ஆனாலும் மாட்டேன் என்று சாக்ஸபோனைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கலாம். தாத்தாவுக்கு அது கிடையாது. மாட்டேன் என்று சொல்ல முடியாதவன் அடிக்கும் அடியைக் கலை என்று சொல்லலாமா? செத்த மாடு தூக்குவதை விடச் சொன்னார் அம்பேத்கர். அதே வழியில் தப்பைப் போட்டு உடைத்தவர்கள் நம் சேரிகளில் நிறைய. எங்க அய்யா அவர்களில் ஒருவர். அதற்கு ஊரில் அபராதம் போட்டார்கள், கட்டினார். பிறகு ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போனார். 1990களில் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் அதே தப்பைக் கையிலெடுத்து மேடையேறியபோது எனக்குக் கண்ணில் தண்ணி வந்தது. அய்யா எழுந்து போய்விட்டார். இரண்டு பேரும் சரிதான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது.

நாடாவில் இருபதாவது நிமிஷத்தில் ஒரு இடம். அந்த வசவு விழுந்த கொஞ்ச நேரத்தில் தாத்தா சாவடியை விடுகிறார். வேறொன்று வருகிறது, ஒடிந்து ஒடிந்து, ஓரத்திலேயே குச்சி நிற்கிற மாதிரி. எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதோ கலகம், இதோ எங்க தாத்தாவின் 'ஃப்ரீ ஃபார்ம்' என்று நாலைந்து கூட்டத்தில் பேசியும்விட்டேன்.

போன மாதம் அய்யாவைக் கட்டாயப்படுத்தி உட்காரவைத்துக் கேட்கச் செய்தேன். அந்த இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

"கலகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தப்பு எறங்கிருச்சு. மார்கழிப் பனி. தோலு தொளதொளன்னு ஆயிருச்சு. காய்ச்ச விடல. வைக்கோலு கேட்டுருக்காரு, அதுக்குத்தான் வசவு. நடுவுல அடிச்சா சத்தம் வராது, அதான் ஓரத்துக்குப் போறாரு."

எனக்குப் பேச்சு வரவில்லை. நாம் தேடுவதை எல்லாச் சத்தத்திலும் கேட்டுவிடுகிறோம். ஆய்வாளர்களைத் திட்டுகிறோமே, நான் செய்தது என்ன? குளிரில் தோல் இறங்கிய ஒரு மனுஷனின் சங்கடத்தை எடுத்து எனக்குக் கொடி தைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று. குரலை வெட்டியிருந்தால் இதுவும் தெரிந்திருக்காது. வசவு போய்விட்டால் அந்த ஓரத்து அடி ஒரு 'அபூர்வ நடை' ஆகும். நாளைக்குப் பயிற்சி வகுப்பில் அதற்கு ஒரு பேர் வைப்பார்கள். தீ மறுக்கப்பட்டதால் பிறந்தது அது என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. சுத்தம் செய்வது என்ற வார்த்தையே நமக்கு ஆகாத வார்த்தை.

அய்யாவுக்கு இது ஒப்பவில்லை. "ஏன் அப்பன வஞ்சத ஊரு பூரா கேக்கணுமாக்கும்?" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. வசவு தாத்தாவுக்கு விழுந்தது, அதைக் கேட்டு வளர்ந்தது அவர். நான் மதுரையில் ஹாஸ்டலில் இருந்து படித்தவன். ஈவான் பார்க்கர் என்ற இன்னொரு இங்கிலாந்து சாக்ஸபோன்காரர் 1970ல் டெரக் பெய்லி, டோனி ஆக்ஸ்லியோடு சேர்ந்து 'இன்கஸ்' என்று சொந்தக் கம்பெனியே தொடங்கினார், தங்கள் சத்தம் தங்கள் கையிலேயே இருக்கட்டும் என்று. எங்கள் நாடா யார் கையில் இருக்கவேண்டும் என்று பார்த்தால், என் கையில் இல்லை, அய்யா கையில்தான்.

அதைச் சொன்னேன். வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்தார். சென்னைத் தம்பிக்குப் போன் போட்டு, வேண்டுமானால் இங்கே வந்து அய்யாவோடு உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள், வெட்டிக் கொடுக்கிற பேச்சே இல்லை என்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். அய்யாவிடம் சொன்னபோது, "வரட்டும். வரும்போது ஒரு தப்பு கொண்டாரச் சொல்லு. எறங்குன தோலு எப்படிக் கேக்கும்னு காட்டுறேன்" என்றார். அய்யா தப்பைத் தொட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.