அடிக்குங் கோலும் ஊன்றுகோலும்

சிவமயம்

சைவப் பிள்ளைகளுக்குக் கல்வி பயிற்றும் புண்ணியத் தொழிலைப் பூண்டுள்ள உபாத்தியாயர்களே! உபாத்தியாயினிகளே!

சப்பிரகமுவ மாகாணத்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலே, இறப்பர்த் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் நம்மவர் பிள்ளைகளை நினைந்து இதனை எழுதத் துணிந்தோம். பிள்ளைகளுக்கு இரங்குதல் வேண்டுமா, அவர்களைக் கண்டித்தல் வேண்டுமா என்னும் வினா உபாத்தியாயர்கள் கூடுமிடந்தோறும் எழுகின்றது. இரங்கினாற் கெடுவர் என்பார் ஒரு சாரார். கண்டித்தாற் பாடசாலையை விட்டு ஓடுவர் என்பார் மற்றொரு சாரார். இரக்கமும் கண்டிப்பும் ஒன்றற்கொன்று பகையல்ல. ஒரே அன்பின் இரு கைகள். இதுவே நம் சைவநூற்றுணிபு.

சிவபெருமானுடைய கருணை அறக்கருணை, மறக்கருணை என இருதிறப்படும் என்பர் பெரியோர். தாய் தந்தையர் தஞ்சொற் கேளாத பிள்ளையை அடித்தலும் அன்பினாலேயாம். அதுபோல இறைவனுடைய முனிவும் அருளேயாம் என்று சிவஞான சித்தியாரிலே அருணந்தி சிவாசாரியர் உவமை காட்டினர். இவ்வுவமையைத் துணைக்கொண்டு பிரம்பெடுப்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? அவ்வுவமை இறைவனது முனிவின் இயல்பை உணர்த்த வந்ததேயன்றி, உபாத்தியாயருக்குப் பிரம்பை விதிக்க வந்ததன்று. அன்றியும், இறைவன் முற்றறிவினன்; உயிர்களின் வினை முழுதும் அறிந்தே தண்டிப்பவன். நாமோ சிற்றறிவினேம். பிள்ளையின் நெஞ்சிலும் வீட்டிலும் நிகழ்வதொன்றையும் வினவாது அறியமாட்டேம். ஆதலின், வினவாமுன் தண்டித்தற்கு நமக்கு உரிமையில்லை.

பெரியபுராணத்திலே தந்தையர் இருவரைச் சேக்கிழார் காட்டியருளினார். இருவர் வரலாற்றிலும் பால் உண்டு, கோலும் உண்டு. சீகாழியிலே சிவபாதவிருதயர், மூன்று வயதுப் பிள்ளையின் வாயிலே பாலொழுகக் கண்டு, சிறுகோலை ஓங்கினார். ஆயினும், அதனை வீழ்த்துமுன், இப்பாலை அளித்தவர் யாவர், காட்டு என்று வினவினார். பிள்ளை விரலாற் சுட்டிப் பாடிற்று. திருஞானசம்பந்த மூர்த்தி நாயனாரை உலகம் கண்டது.

திருச்சேய்ஞலூரிலே எச்சதத்தன், தன் மகன் விசாரசருமர் பாலை மணலிலே வீணே சொரிகின்றார் என்று பிறர் கூறக் கேட்டு, மறுநாட் குராமரத்தில் ஏறி மறைந்திருந்து தன் கண்ணாலேயே கண்டான். கண்டானேயன்றிக் காரணம் வினவினானல்லன். கோலினால் முதுகில் அடித்தான். அபிடேகப் பாற்குடத்தைக் காலால் இடறினான். மணலென்று அவன் கண்டது சிவலிங்கம். பின் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. கண்ணாற் கண்டதும் முழு உண்மையன்று என்பதை உபாத்தியாயர் இவ்வரலாற்றால் அறிந்துகொள்க.

இதனை யாமும் பிழைசெய்தே கற்றோம். தோட்டப் பிள்ளைகள் பயிலும் பாடசாலையொன்றில் யாம் கற்பித்த காலத்திலே, ஒரு சிறுமி அடுத்தடுத்து மூன்று நாட் பிரார்த்தனை முடிந்தபின் வந்தாள். மூன்றாநாள் அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்தினோம். இறப்பர்ப் பால் வெயிலேறுமுன் நன்கு ஒழுகுமாதலின், பால்வெட்டுவோர் விடியலிலேயே மலைக்குச் செல்வர். அவளுடைய தாயும் தந்தையும் அவ்வாறு சென்றபின், தம்பிக்கு உணவூட்டி, அவனைப் பிள்ளைக் காம்பிராவில் ஒப்புவித்து வருதல் அவள் கடனாயிருந்தது. இதனைப் பிறர் சொல்லவே யாம் அறிந்தோம். அவள் ஏன் சொல்லவில்லை? யாம் வினவாமையினாலன்றோ! ஒரு குடும்பத்தின் பாரத்தைச் சுமந்து வந்தவளைச் சோம்பேறியென்று நிறுத்திய அந்நாள் இன்றும் எம் நெஞ்சைச் சுடுகின்றது.

இனி, இரக்கத்தின் பக்கத்துள்ள பிழையையும் ஆராய்வோம். பாவம், லயத்துப் பிள்ளை; இவனிடம் எதை எதிர்பார்ப்பது என்று சொல்லி, செய்யாத கணக்கையும், பார்த்தெழுதிய விடையையும், சொன்ன பொய்யையும் பொறுத்துவிடுவாரும் உளர். இஃது இரக்கம் போலத் தோன்றும், உண்மையில் இகழ்ச்சியேயாம். இவனால் இயலும் என்று நம்புவோரே இவனிடம் கேட்பர். ஒன்றும் கேளாதவர் அவனை முன்னமே கைவிட்டவராவர். அங்ஙனம் கைவிடப்பட்ட பிள்ளை, கட்டாயக் கல்வி வயது 2016 முதல் 16 ஆக உயர்ந்திருந்தும், இடையிலே நின்று, கொழும்புக் கடைக்கோ மாணிக்கக் குழிக்கோ போய்விடுதல் கூடும். அப்பொழுது நம் பரிதாபம் அவனுக்கு யாது பயன் தரும்?

ஆயின், அடியாமலும் விடாமலும் திருத்துவது எங்ஙனமெனின், சுந்தரமூர்த்தி நாயனார் வரலாற்றை நோக்குக. திருவொற்றியூரிலே மகிழமரத்தின் கீழ்ச் சங்கிலியாரைப் பிரியேனென்று சபதஞ்செய்த நாயனார், அச்சபதந் தவறி எல்லை கடந்தபொழுது இருகண்ணொளியும் இழந்தனர். அவர் தம்பிரான் தோழர். தோழமை நோக்கிப் பெருமான் தண்டத்தை விலக்கினாரல்லர், தண்டித்தபின் கைவிட்டாருமல்லர். திருவெண்பாக்கத்திலே ஊன்றுகோல் அருளினார். காஞ்சித் திருவேகம்பத்திலே இடக்கண் அருளினார். திருவாரூரிலே வலக்கண்ணும் அருளினார். நடக்க வேண்டிய வழியை நாயனாரே நடந்தார். நடத்தற்குக் கோல் கொடுத்தவர் பெருமான். உபாத்தியாயர் கையில் இருக்கத்தக்கது இக்கோலே.

இதனை வகுப்பிலே இவ்வாறு கைக்கொள்க. வீட்டுவேலை செய்யாத பிள்ளையை முதலிலே தனியே அழைத்து வினவுக. ஒரு லயக் காம்பிராவிலே பலர் நெருங்கி வாழ, இருந்து எழுத இடமில்லையென்று அவன் கூறின், அது மெய்யாகவே இருக்கலாம். அதுபற்றி அவ்வேலையைத் தள்ளிவிடற்க. இடைவேளையிலே பக்கத்தில் இருத்திச் செய்விக்க. பிறன் பேனாவை எடுத்தவன், தன் கையாலேயே உரியவனிடம் கொடுத்துப் பொறுத்தருளக் கேட்பானாக. அது பலர் நகைக்க நிகழவேண்டுவதில்லை. கொடுத்தபின் அவனைக் கள்ளன் என்று ஒருவரும் ஒருகாலும் சொல்லலாகாது. பெருமான் ஒரு கண்ணோடு நிறுத்தினாரல்லரே!

பெற்றோரை அழைக்குங்காலும் ஒன்றை நினைக. வேலைநாளிற் பாடசாலைக்கு வருந் தாய், அன்றைப் பேரை இழப்பாள். அன்றேல் அரைப்பேரோடு நிற்பாள். அவ்விழப்பின் கோபம் மாலையிலே பிள்ளையின் முதுகில் இறங்கும். ஆதலின் சிறுபிழைக்கு அவளை அழையாது, வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிற் பூசை முடிவிலோ, ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலையிலோ கண்டு பேசுக. குறையோடு பிள்ளையின் நிறையொன்றையும் சேர்த்துச் சொல்க.

பிரம்பில்லாமற் பாடசாலை நடவாது என்பார், தோட்டப் பாடசாலைகள் 1977ஆம் ஆண்டு தொடங்கி அரசாங்க வசமாகுமுன், ஓரறையிலே பல வகுப்புகளை ஓருபாத்தியாயரே காத்த காலத்தை நினைந்து பேசுகின்றனர் போலும். அக்காலம் கழிந்தது. கல்வியமைச்சின் 2005ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளிலே உடற்றண்டனையை விலக்கிற்று. ஆசிரியர் கன்னத்தில் அறைந்தமையால் மாணாக்கனொருவன் செவிப்புலன் ஊறுபட்ட வழக்கிலே, அச்செயல் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரைக்கு மாறென உயர்நீதிமன்றம் 2021ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஆயினும், சட்டத்துக்கு அஞ்சிப் பிரம்பை வைத்தவர் கடுஞ்சொல்லை எடுத்துக்கொள்ளல் கூடும். பிரம்பின் தழும்பு ஆறும். பலர்முன் சொன்ன இழிசொல் ஆறாது. சிவன் உறையும் நெஞ்சென்று ஒவ்வொரு பிள்ளையின் நெஞ்சையும் நினைப்பவரிடத்திலே இவ்விரண்டும் தாமே ஒழியும்.

அன்பர்களே! துரை கங்காணியை அதட்ட, கங்காணி தந்தையை அதட்ட, தந்தை பிள்ளையை அதட்டுதல் தோட்டத்தின் பழைய வரிசை. பிரட்டுக்களத்திலே தொடங்கும் அவ்வரிசை வகுப்பறை வாயிலோடு நிற்கட்டும். நாளை காலை பிரார்த்தனைக்குப் பின் ஒரு பிள்ளை வாயிலிலே தலைகுனிந்து நிற்குமாயின், யாது நிகழ்ந்தது என்று முதலிலே வினவுக. விடையைக் கேட்டபின், அப்பிள்ளை செய்யவேண்டியதைத் தவறாது செய்விக்க. செய்து முடிக்குமளவும் அருகிலே நிற்க. இவ்வளவுஞ் செய்தற்கு வேண்டிய பொறுமையை எல்லாம்வல்ல சிவபெருமான் நமக்கு அருள்புரிவாராக.

திருச்சிற்றம்பலம்.