அக்காளின் உரிமை எதுவரை?



நம் வெள்ளானூரிலிருந்தும் ஆவடிப் பக்கத்திலிருந்தும் சென்னைக் கல்லூரிகளுக்குப் போகும் பெண்பிள்ளைகள் இன்று அநேகர். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் பிள்ளையாகப் போகிறவர்களும் உண்டு. எந்தப் பாடத்தை எடுப்பது, விடுதியில் யாரைக் கேட்பது என்று வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அப்படிப்பட்டவளை ஒரு மூத்த மாணவி "வா, தங்கச்சி" என்று கைப்பிடித்து அழைத்துப்போனால் அது பெரிய உபகாரம். சந்தேகமில்லை. ஆனால் உபகாரம் செய்த அக்காளுக்குத் தங்கையின்மேல் என்ன உரிமை உண்டாகிறது? இதைச் சற்று யோசிப்போம்.

புரோட்டஸ்டாண்டு மிஷன் சபைகள் பல சேர்ந்து 1915-இல் சென்னையில் தொடங்கிய பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் முதலில் 41 மாணவிகள். 1947 ஆகஸ்டு 15, தேசம் சுதந்திரமடைந்த அதே நாளில், சாந்தோமில் ஒரு சிறு கட்டடத்தில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி பிறந்தபோது 32 மாணவிகள். இவர்களுக்கு அக்காமார் ஏது? அந்த வளாகத்தில் அவர்களுக்கு முன்னே படித்தவள் ஒருத்தியுமில்லை. மூத்தோர் இல்லாமலே நடை பழகி, பின்னால் வந்தவர்களுக்குத் தாங்களே மூத்தோரானார்கள்.

ஸ்டெல்லா மாரிஸை நிறுவிய மரியாயின் பிரான்சிஸ்கன் மிஷனரிக் கன்னியர் சபைகூட ஒரு பிரிவினையில் பிறந்ததுதான். மதுரை மிஷனில் கன்னியர்களுக்குள் மனத்தாங்கல் உண்டாகி, பிரிந்தவர்கள் உதகமண்டலம் சேர்ந்து, 1877-இல் ரோமாபுரியின் அனுமதி பெற்றார்கள். சகோதரி என்று பெயர் வைத்துக்கொண்டால் மட்டும் ஒற்றுமை வந்துவிடாது.

மூத்தோர் இளையோரை வதைக்கும் ராகிங்கைப்பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. 1996-இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொலையுண்ட பின் 1997-இல் நம் மாநிலம் அதைத் தடுக்கச் சட்டம் செய்தது. அது பாவம் என்று எல்லோரும் அறிவார்கள். அன்பின் வழியாய் வரும் ஆபத்தைத்தான் கண்டுபிடிப்பது கடினம்.

அக்காள் நல்லவள். தங்கைக்குக் காய்ச்சல் கண்டபோது கஞ்சி வாங்கிக் கொடுத்தவள். பழைய நோட்டுகளைத் தந்தவள். கட்டணத்துக்குப் பணம் குறைந்தபோது தன் கையிலிருந்து போட்டவள். இரண்டாம் வருஷத்தில் தங்கை வேறொருத்தியோடு சிநேகமானால் அவள் முகம் சுருங்குகிறது. மாணவியர் தேர்தலில் யாருக்கு வாக்களித்தாய் என்று விசாரணை. வீட்டிலிருந்து போன் வந்தால் என்ன பேசினாய் என்று கேள்வி. "உனக்கு நான் எவ்வளவு செய்தேன்!" என்ற சொல் வாயில் வந்துவிட்டால், அதுவரை செய்ததெல்லாம் வட்டிக்கு விட்ட பணமாகிவிடுகிறது. பாவம், அவளுக்கே அது தெரிவதில்லை.

நன்றிக்கடன் மனச்சாட்சியைச் சேர்ந்தது, வழக்காடி வசூலிக்கும் கடனைச் சேர்ந்ததல்ல என்று அர்ச். தோமாஸ் அக்வினாஸ் பிரித்துக் காட்டுகிறார். கைம்மாற்றை அவசரமாய்த் திருப்பிக் கொடுத்துத் தலைதப்பப் பார்ப்பதையும் அவர் மெச்சவில்லை. கீழ்ப்படிதலைப்பற்றி எழுதும்போதோ இன்னும் ஒருபடி மேலே போகிறார். உள்ளத்தின் தீர்மானத்தில் மனிதன் சர்வேசுரனுக்கு மட்டுமே கட்டுப்பட்டவன். கலியாணம் செய்வதா, கன்னிமையில் நிற்பதா என்பதில் பெற்றோருக்குக்கூடப் பிள்ளை கீழ்ப்படியக் கட்டாயமில்லை என்கிறார். பெற்ற தாய்க்கே இல்லாத அதிகாரம் விடுதி அக்காளுக்கு எங்கிருந்து வரும்?

இது கன்னியர் மடத்து அழைப்புக்கும் பொருந்தும். இதை ஒரு குருவானவர் சொல்லலாமா என்று சிலர் நினைக்கலாம், குருவானவர்தான் சொல்லவேண்டும். ஜெபமும் நற்குணமும் உள்ள ஒரு மாணவியைக் கண்டதும், "உனக்குத் தேவ அழைத்தல் இருக்கிறது, மறுத்தால் பாவம்" என்று நெருக்குவது எவருக்கும் தகாது. வாழ்க்கை அந்தஸ்தைத் தெரிந்துகொள்வதில் ஒருவரும் கட்டாயப்படுத்தப்படலாகாது என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 219-ஆம் விதி சொல்லுகிறது. மடத்துச் சிரேஷ்டர்கள் தங்களுக்குக் கீழுள்ளவர்களின் மனச்சாட்சியைத் திறந்து காட்டும்படி எவ்விதத்திலும் தூண்டக்கூடாது என்பது 630-ஆம் விதி. வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்கே இந்தப் பாதுகாப்பு! விடுதி அறையில் ஒருத்தி மற்றவளின் உள்ளத்தைக் கிளறிக் கேட்பதைப்பற்றி என்ன சொல்ல?

எலிசபெத்தம்மாளைப் பாருங்கள். வயதில் மூத்தவள், வீட்டுக்குரியவள். வாசலில் வந்து நின்ற இளையவளை முதலில் மேன்மைப்படுத்தியது அவள்தான். ஏறக்குறைய மூன்று மாதம் உடனிருந்த மரியம்மாள் பிறகு தன் வீட்டுக்குத் திரும்பினாள். தடுத்து நிறுத்தியதாகச் சுவிசேஷத்தில் ஒரு சொல்லும் இல்லை.

பெண்பிள்ளைகளே, அக்காளின் சொல்லைக் கேளுங்கள். அவள் நடந்த பாதையில் முள் எங்கே என்று அவளுக்குத் தெரியும். ஆனால் "நான் யோசித்துச் சொல்கிறேன், அக்கா" என்று சொல்லவும் பழகுங்கள். யோசித்த பின் மனம் ஒப்பாவிட்டால், மற்றவர்கள் முன்னிலையில் வேண்டாம், தனியே அவளிடமே சொல்லுங்கள். அவள் வருந்தக்கூடும். இரண்டு நாள் பேசாமலும் இருக்கலாம். அதற்காகச் சாப்பாட்டு மேசையில் இடம் மாறி உட்காராதீர்கள்.