முதல் நாட் பயணமும் ஒரு தாயின் கேள்வியும்



நெளுக்குளத்தில் இறங்கி நின்றவர்கள் உங்களுள் சிலரே இருப்பீர்கள். ஆனால் அதைக் கடந்து போனவர்கள் பலர் இருப்பீர்கள். வவுனியா நகரிலிருந்து மேற்கே மன்னார்ப் பக்கமாகத் திரும்பி, யூலை 2ஆந் திகதிக்கோ ஆகஸ்ட் 15ஆந் திகதிக்கோ மருதமடு அன்னையிடம் போகும்போது, நகரத்தின் இரைச்சல் அடங்கி வயலும் குளக்கட்டும் தொடங்கும் இடத்தில் ஒரு சந்தியைக் கண்டிருப்பீர்கள். அந்த ஊரிலிருந்து ஒரு தாய் சென்ற ஆண்டு என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். அதற்கு நான் அன்று சொன்ன விடை சரிதானா என்று இன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்களோடு சேர்ந்து யோசிப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவருடைய மகனுக்கு இருபத்துநான்கு வயது. தன் சம்பாத்தியத்தில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கித் திருத்தி வைத்திருந்தான். அதில் இலங்கையைச் சுற்றி வரப்போவதாகவும், தனியாகவே போவதாகவும் வீட்டிற் சொல்லிவிட்டான். தாய் அறைவீட்டு விறாந்தையில் நின்றபடியே பேசினார். “சுவாமி, நீங்கள் சொன்னால் அவன் கேட்பான். மறியுங்கோ.”

பிள்ளை குடிக்கிறான், வேலைக்குப் போகிறானில்லை என்று வரும் தாய்மாருக்குச் சொல்வதற்குக் குருக்களிடம் பழகிய வார்த்தைகள் உண்டு. இது அப்படிப்பட்டதல்ல. பையன் நல்லவன், ஞாயிறு தவறாமல் கோவிலுக்கு வருகிறவன். தாயும் வீணாகப் பயப்படுகிறவர் அல்லர். 2008ஆம் ஆண்டில் அவருடைய தம்பி ஒருநாட் பின்னேரம் மருந்து வாங்கிவரவென்று மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டவர். படலையில் நின்று “போயிட்டு வாறன்” என்று சொன்னவர். அவரும் வரவில்லை, மோட்டார் சைக்கிளும் வரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் வவுனியா வீதியோரத்தில் அமர்ந்து தொடங்கிய போராட்டத்தை நீங்கள் அறிவீர்கள். அந்தக் கொட்டிலில் இவரும் இருந்திருக்கிறார். தனியே வீதியில் போகும் ஓர் ஆண்பிள்ளையின் முதுகு இந்தத் தாய்க்கு என்ன சொல்லும் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை.

நாற்பதைக் கடந்துவிட்ட எனக்கும் அது தெரியும். எங்கள் தலைமுறைக்கு வீதி உல்லாசத்துக்குரிய இடமாக இருந்ததில்லை. வவுனியாவில் ஒரு பாஸ் துண்டைச் சட்டைப்பையில் வைத்து, அது இருக்கிறதா என்று நாளுக்கு நூறு தடவை தடவிப் பார்த்த காலம் இருந்தது. யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதி 2002இல் திறந்தது, 2006 ஆகஸ்டில் மறுபடியும் மூடியது, போர் முடிந்த பின்னரே மீண்டும் திறந்தது. ஓமந்தையில் பொதிகளை அவிழ்த்துக் காட்டி நின்ற வெயில் இன்னும் என் பிடரியில் இருக்கிறது. பையனுக்கோ இவற்றில் அநேகம் பிள்ளைப்பருவத்து மங்கலான நினைவு மட்டுமே. அவனுக்கு வீதி என்பது வீதிதான்.

அவனைக் கூப்பிட்டு ஏன் தனியே என்று கேட்டேன். சிநேகிதர்களோடு போனால் என்ன?

“ஆரும் கூட வந்தால் அவையளின்ரை கதையைக் கேட்டுக்கொண்டுதான் போவன், சுவாமி. நான் என்ன நினைக்கிறன் எண்டு எனக்கு ஒருக்காக் கேக்கவேணும்.”

குருமடத்தில் எட்டு நாள் மௌன தியானம் செய்த ஒருவன் இந்தப் பதிலைக் குறை சொல்வதெப்படி?

இத்தகைய பயணங்கள் புதியவையுமல்ல. 1932இல் றொபேட் எடிசன் ஃபுல்ற்றன் என்ற அமெரிக்க இளைஞர் இலண்டனில் ஓர் இரவு விருந்தில், மோட்டார் சைக்கிளில் உலகத்தைச் சுற்றித்தான் ஊருக்குப் போகப்போகிறேன் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டார். மேசையில் இருந்த டக்ளஸ் கம்பனிக்காரர் ஒருவர் வண்டி நாங்கள் தருகிறோம் என்றார். சொன்ன சொல் கழுத்தில் விழுந்தது. தனியே புறப்பட்டவர் 1933ஆம் ஆண்டு நத்தாருக்கு முதல் நாள் நியூயோர்க் வீட்டை அடைந்தார். இன்னொருவர் ரெட் சைமன். பிரித்தானியப் பத்திரிகையாளரான அவர் 1973 ஒக்டோபர் 6ஆந் திகதி ட்ரயம்ப் மோட்டார் சைக்கிளொன்றில் இலண்டனை விட்டுத் தனியே புறப்பட்டார். அதே நாளில் எகிப்தும் சிரியாவும் இஸ்ரவேல் மீது போர் தொடுத்தன. அவர் போகவேண்டிய வழியோ எகிப்தினூடாக! நாலு வருடத்தில் நாற்பத்தைந்து நாடுகளைக் கடந்து திரும்பினார். (எங்கள் பையன்கள் சட்டையில் போட்டுத் திரியும் சேகுவேரா 1952இல் போனது தனியே அல்ல, அல்பேர்த்தோ கிரனாடோ என்ற நண்பரோடு. அவர்களுடைய வண்டி சிலி நாட்டிலேயே உயிரை விட்டுவிட்டது. இதைச் சொன்னால் பையன்கள் நம்புகிறார்களில்லை.)

இப்படிப்பட்ட கதைகளில் போனவரின் பக்கமே எழுதப்படுகிறது. வாசலில் நின்றவர்கள் அந்த முதல் நாளை எப்படிக் கழித்தார்கள் என்பதைப் பெரும்பாலும் எவரும் எழுதுவதில்லை. எழுதிய ஒருவரை நாம் எல்லோரும் அறிவோம். அவர் அர்ச். அகுஸ்தீனார்.

383ஆம் ஆண்டில் அவர் கார்த்தேஜ் நகரை விட்டு உரோமைக்குப் போக எண்ணினார். தாய் மோனிக்கம்மாள் துறைமுகம்வரை பின்தொடர்ந்து, ஒன்றில் நீ நில், அல்லது நானும் வருகிறேன் என்று பிடித்துக்கொண்டார். மகன் ஒரு பொய் சொன்னார். சிநேகிதன் ஒருவனுக்குக் காற்று வாய்க்கும்வரை அவனோடு நிற்கப்போகிறேன், நீங்கள் அருகிலுள்ள அர்ச். சிப்பிரியான் ஆலயத்தில் தங்குங்கள் என்றார். தாய் அங்கே இரவு முழுவதும் அழுது செபித்தார். விடிந்து பார்த்தபோது கப்பல் போய்விட்டது. பிற்காலத்தில் ஆயரான பின்பு அகுஸ்தீனார் இதைத் தம் பாவ அறிக்கை நூலில் மறைக்காமல் எழுதினார். அந்தப் பயணமே அவரை மிலானுக்கும், அங்கே அர்ச். அம்புறோசியாரிடமும், இறுதியில் ஞானஸ்நானத் தொட்டிக்கும் கொண்டுபோனது. அவர் போகக்கூடாது என்று தாய் அழுத இரவிலேதான், தாய் வருடக்கணக்காக மன்றாடிய காரியம் தொடங்கியது.

இதைக் காட்டி, ஆகவே பிள்ளைகளைப் போகவிடுங்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். நன்மையாக முடிந்த பயணங்கள்தாம் புத்தகங்களாகின்றன. அகுஸ்தீனார் புறப்பட்டது குற்றமல்ல, பொய் சொன்னதே குற்றம் என்பதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொண்டேன். எங்கள் பையன் பொய் சொல்லவில்லை. கண்டிக்குக் கலியாண வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரு கதை விட்டிருக்கலாம். அவன் உள்ளதைச் சொன்னான். உண்மை சொன்னதற்குத் தண்டனையாக நான் அவனை மறிப்பதா?

நாலாம் கற்பனையைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். பெற்றோரின் அதிகாரத்தின் கீழ் இருக்கும் மட்டும் பிள்ளை கீழ்ப்படியவேண்டும். வளர்ந்து தன் காலில் நின்றபின் கீழ்ப்படிதலின் கடமை முடிகிறது, மரியாதையின் கடமை முடிவதில்லை. 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் இதையே போதிக்கிறது. அதே ஏடு, வேகப்பித்தினால் தன் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்குள்ளாக்குவது பாரதூரமான குற்றம் என்றும் சொல்கிறது. ஆகவே பையனிடம் தலைக்கவசம், ரயர், பிறேக் எல்லாவற்றையும் பற்றிக் கேட்டேன். இருட்டியபின் ஓடுவதில்லை என்று வாக்கு வாங்கினேன். ஹொறவப்பொத்தானைப் பக்கத்தில் யானை ஏறும் வீதிகள் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தில் சற்றுத் தரித்து நிற்க விரும்புகிறேன். தேசவழமைக்காரரான எங்களுக்கு முதுசம், தேடியதேட்டம் என்ற சொற்கள் நன்றாகத் தெரியும். பெற்றோர் தேடிய தேட்டம் அவர்களுக்குப் பின் பிள்ளைகளுக்கு முதுசமாகிறது. காணிக்கும் வீட்டுக்கும் அது நல்ல சட்டம். ஆனால் நாம் அந்த வருடங்களில் தேடியது காணியும் வீடும் மட்டுமல்ல. பயத்தையும் தேடினோம். விலை கொடுத்து, இரத்தம் கொடுத்துத் தேடினோம். அது பொய்ப் பயமல்ல, பலருடைய உயிரைக் காப்பாற்றிய பயம். அதையும் பிள்ளைகளின் பேரில் எழுதிவைக்கிறோமா? எழுதினால் அவர்கள் அதை ஏற்றேயாகவேண்டுமா? ஏற்க மறுக்கும் பிள்ளை, மாமன் பட்ட பாட்டை மறந்த நன்றிகெட்டவனா? தாய்க்கு அப்படித்தான் பட்டது என்று நினைக்கிறேன். எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் பட்டது. ஆனால் அந்த மாமன் பின்னேரம் ஐந்து மணிக்குப் பயமின்றி மருந்துக்கடைக்குப் போய்வரக் கூடிய ஒரு நாட்டைத்தானே நாம் எல்லோரும் கேட்டோம்? அப்படியொரு நாளில், அரைகுறையாகவேனும், ஒரு பிள்ளை வீதியில் இறங்கும்போது நாமே குறுக்கே நிற்கலாமா?

ஆகவே நான் மறிக்கவில்லை. தாயையும் மகனையும் ஒன்றாக இருத்தி ஓர் ஒழுங்கு செய்தேன். தாய் மணிக்கொரு தடவை கைத்தொலைபேசி எடுக்கவேண்டும் என்றார். மகன் அப்படியானால் போகாமலே இருக்கலாம் என்றான். கடைசியில் நாளுக்கு ஒரு தடவை, மாலை ஆறு மணிக்கு, அவன் எடுப்பது என்று முடிவாயிற்று. தாய் தம் செபமாலையை வண்டியின் கைப்பிடியில் கட்டிவிட்டார்.

முதல் நாள் விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டான். அன்றைய ஓட்டம் ஹொறவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைவரைதான், நூறு கிலோமீற்றருக்குள். இடைவழியில் பின் ரயர் காற்றுப் போயிற்று. ஒட்டிக் கொடுத்த சிங்களப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது, இவனுக்குச் சிங்களம் இருபது சொல். தனியே போகிறாயா என்று அவர் கையால் கேட்டாராம். ஆம் என்று தலையாட்ட, அவர் உள்ளே போய் மனைவியைக் கூட்டிவந்து காட்டினாராம். அந்த அம்மாவும் ஏதோ நீளமாக ஏசினாராம். சொல் விளங்கவில்லை, ஆனால் அம்மா ஏசுவது மாதிரியே இருந்தது என்றான். தேத்தண்ணீருக்குக் காசு வாங்கவில்லை.

அன்று மாலை ஆறு மணியாயிற்று. அழைப்பு வரவில்லை. ஆறரையாயிற்று. தாய் எடுத்துப் பார்த்தார், மணி அடிக்கிறது, பதில் இல்லை. ஏழு மணிக்கு அவர் அறைவீட்டுக்கு வந்துவிட்டார்.

வாசகர்களே, அந்த முக்கால் மணித்தியாலத்தை நான் மறக்கமாட்டேன். விறாந்தைக் கதிரையில் அவர் இருந்தார். நான் எதிரே இருந்தேன். போகவிடச் சொன்னவன் நானல்லவா? என் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. அவர் என்னைக் குறை சொல்லவுமில்லை. ஒரு தடவை மட்டும் சொன்னார்: “நான் அழுது விழுந்திருந்தால் அவன் நிண்டிருப்பான், சுவாமி. எனக்குத் தெரியும். அதுதான் அழேல்லை.”

குருமடத்தில் அர்ச். தோமாஸ் அக்குவீனாரிடம் படித்த ஒரு பாடம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனத்திடம் என்ற புண்ணியத்தின் முதன்மையான செயல் முன்னே பாய்வதல்ல, ஆபத்தின் நடுவே அசையாது தாங்கி நிற்பதே என்கிறார் அவர். பாய்கிறவனுக்கு ஆபத்து இனி வருவது, தாங்குகிறவனுக்கோ இப்போதே இருப்பது. பாய்ச்சல் ஒரு கணத்தில் முடிந்துவிடும், தாங்குவது நெடுநேரம் நீளும். படித்தபோது இதைப் பரீட்சைக்கு மனனம் செய்தேன். துணிந்தவன் வீதியில் போகிறான், பயந்தவர் வீட்டில் இருக்கிறார் என்றே அதுவரை நானும் கணக்குப் போட்டிருந்தேன். (அக்குவீனாருக்கும் இது புத்தகப் படிப்பு மட்டுமல்ல. துறவியாகி அவர் 1244இல் பிரயாணம் போகும் வழியில், தாயின் சொற்படி சகோதரர்கள் அவரைப் பிடித்துக் கொண்டுபோய் ஏறக்குறைய ஒரு வருடம் குடும்பக் கோட்டையில் அடைத்துவைத்தார்கள். அந்தத் தாய்க்கும் நிச்சயம் தம் நியாயம் இருந்திருக்கும்.)

ஏழே முக்காலுக்கு அழைப்பு வந்தது. திருகோணமலையில் கோட்டைக்கு மேலேறிக் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். கைத்தொலைபேசி வண்டிப் பையில். வேறு காரணமில்லை. திரும்பி வந்தபின் என்னிடம் சொன்னான்: “மறந்துபோனன், சுவாமி. அம்மா இருக்கிறா எண்டதையே ஒரு ரெண்டு மணித்தியாலம் மறந்துபோனன். அப்பிடி ஒருநாளும் இருந்ததில்லை.” சொல்லும்போது அவன் முகத்தில் வெட்கமும் இருந்தது, ஒரு வெளிச்சமும் இருந்தது. இரண்டையும் கண்டேன். வெட்கத்துக்கு அவன் தாயிடம் மன்னிப்புக் கேட்டான். வெளிச்சத்துக்கு நான் என்ன சொல்வது? அவன் தேடிப்போனதே அந்த இரண்டு மணித்தியாலந்தான் போலிருக்கிறது. அதற்குரிய விலையை அவன் கொடுக்கவில்லை, விறாந்தைக் கதிரையில் இருந்தவர் கொடுத்தார். தனியே போவது என்று நாம் சொல்லும் எதற்கும் இப்படி வேறெவரோ கணக்குத் தீர்க்கிறார்களோ என்று அன்றுமுதல் எனக்கு ஒரு சந்தேகம். அப்படித் தீர்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக எவரும் எங்கும் போகாமல் இருப்பது நியாயமா என்பதும் எனக்கு முடிவாகத் தெரியவில்லை.

மறுநாட் காலைத் திருப்பலி முடிந்து ஆட்கள் கலைந்தபின் தாய் சக்கிறீஸ்து வாசலில் நின்றார். கண் சிவந்திருந்தது. நித்திரை கொண்டிருக்கமாட்டார். திருப்பி அழைக்கச் சொல்லப் போகிறார் என்று எண்ணி மனதைத் தயார்செய்தேன்.

“இண்டைக்கு எவ்விடம், சுவாமி?” என்றார்.

பாடசாலைப் பிள்ளைகளின் தேசப்படப் புத்தகம் ஒன்றை எடுத்து விரித்து மட்டக்களப்பைக் காட்டினேன். அவர் திருகோணமலையில் விரலை வைத்து, மெதுவாகக் கரையோரம் கீழே இழுத்து, வெருகலடியில் நிறுத்தினார். இந்த இடத்தில் ஆறு இருக்கிறதே, பாலம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். விரல் மறுபடியும் நகர்ந்தது.